மறைந்த தோழியின் வாக்கை ஏடுபடுத்துதல்: பூர்வாசார்யர்கள் காட்டிய நெறி

அவதாரிகை

நாமக்கல்லில் வாழ்ந்து, நம் ஸம்ப்ரதாய விஷயங்களைப் பற்றி எளிய தமிழில் நெடுங்காலம் எழுதிவந்த அம்மையார் ஒருவர் அண்மையில் பரமபதித்தார். அவருடன் காலக்ஷேபம் கேட்ட தோழியர் சிலர், அவருடைய பக்திக் கட்டுரைகளைத் திரட்டி ஸ்ரீகோசமாக வெளியிட முனைந்துள்ளனர். அப்பணியில் அடியேனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. தமது பெயரை முன்னிறுத்த விரும்பாதவர் அவர். நூல் வெளிவரும்வரை அப்பெயரை இங்கும் குறிக்கவில்லை.

பணியைத் தொடங்கியவுடன் சில கேள்விகள் எழுந்தன. எழுதியவர் இல்லாதபோது அவர் எழுத்தில் திருத்தம் செய்யலாமா? அவர் அச்சுக்குத் தராமல் குறிப்பேட்டில் வைத்திருந்ததை வெளியிடலாமா? வ்யாக்யானங்களில் காணப்படாத ஒரு கருத்தை அவர் எழுதியிருந்தால் அதை நீக்குவதா, நிறுத்துவதா? இவை இன்று புதிதாக எழுந்தவை என்று தோன்றும். ஆனால் நம் வ்யாக்யான பரம்பரையே பிறர் வாக்கைக் காத்துத் தந்தவர்களால் நிலைபெற்றது. ஆகவே இக்கேள்விகளுக்குப் பூர்வர்களின் அநுஷ்டானத்திலேயே விடை தேடுவது முறை. அத்தேட்டத்தில் கண்டவற்றை, இத்தகைய பணியில் ஈடுபடும் மற்ற ஆஸ்திகர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு விவரிக்கிறோம்.

1. ஏடுபடுத்துதல் ஒரு கைங்கர்யம்

திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களுள் மிக விரிந்தது ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது 32 எழுத்துகள் கொண்ட ஒரு க்ரந்த அளவு. எனவே ஈட்டின் அளவு ஏறத்தாழ 11,52,000 எழுத்துகள். இவ்வளவும் நம்பிள்ளை திருவரங்கத்தில் கோஷ்டியில் அருளிச்செய்த காலக்ஷேபத்தின் வடிவம். பகலில் கேட்டதை இரவில் பட்டோலைகொண்டவர் வடக்குத் திருவீதிப்பிள்ளை. ஈட்டை ஓதுகிறவர்கள் நம்பிள்ளையின் திருவாக்கைக் கேட்கிறார்கள். எழுதிய கை தன்னை எங்கும் முன்னிறுத்திக்கொள்ளவில்லை. ஆயினும் அந்தக் கை இல்லையேல் அந்த வாக்கு நமக்கு இல்லை.

வார்த்தாமாலையும் இவ்வகையினதே. ஆசார்யர்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சூழ்நிலைகளில் சொன்ன வார்த்தைகளைப் பின்பழகிய பெருமாள் ஜீயர் திரட்டித் தந்தார். அதைத் தொகுத்தவர் பல இடங்களில் யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்பதையும் சேர்த்தே காத்தார். ஒரு வார்த்தையின் பொருள் அது எழுந்த இடத்தோடு பிணைந்தது என்பதை அறிந்து செய்த செயல் இது.

பாகவத சேஷத்வம் நம் ஸித்தாந்தத்தின் எல்லைநிலம். பாகவதர்க்குச் செய்யும் தொண்டு அவர்கள் உடலோடு இருக்கும் நாள்களோடு முடிந்துவிடுவதன்று. அவர்கள் பகவத் விஷயமாகச் சொன்னதைச் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குத் தருவதும் அத்தொண்டில் அடங்கும். உபகார ஸ்ம்ருதி என்று நம் பெரியோர் சொல்லும் நன்றிநினைவுக்கு, எழுதியவர் விஷயத்தில் இதனினும் பொருத்தமான வடிவம் வேறில்லை.

2. பெண்மணிகளின் வாக்கு: மூன்று நிலைகள்

நம் பரம்பரையில் பெண்மணிகளின் வாக்கு எவ்வாறு காக்கப்பட்டது என்பதைத் தனியே ஆராய வேண்டும். இங்கே இழப்பும் உண்டு.

முதலாவது, திருக்கோளூர்ப் பெண்பிள்ளை. எம்பெருமானார் திருக்கோளூருக்கு எழுந்தருளியபோது ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு பெண்பிள்ளை அவரிடம் விண்ணப்பம் செய்தவையாக 81 வார்த்தைகள் காக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் இதிஹாச புராணங்களிலும் ஆழ்வார் ஆசார்யர்களின் சரித்திரத்திலும் வரும் ஒரு பாகவதரின் செயலைச் சுட்டி, அத்தகைய செயல் தன்னிடம் இல்லையே என்ற ஏக்கமாக அமைந்தது. அவற்றுக்கு விளக்கவுரைகளும் எழுந்தன. ஆனால் அவ்வம்மையாரின் பெயரை நாம் அறியோம். ஊர்ப்பெயரும் பெண்பிள்ளை என்ற பொதுச்சொல்லுமே எஞ்சின. வாக்கு நின்றது, பெயர் நிற்கவில்லை.

இரண்டாவது, திருக்கோனேரி தாஸ்யை. திருவாய்மொழிக்கு உரைவகையில் அமைந்த வாசகமாலை இவருடையது. இவர் 15-ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் எனக் கருதப்படுகிறார். இந்நூல் சுவடியில் கிடந்து, தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வழியாக 20-ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. இங்கே வாக்கும் நின்றது, பெயரும் நின்றது. வாழ்க்கை வரலாறு நிற்கவில்லை. திருவாய்மொழியில் இவ்வளவு ஆழ்ந்த ஒரு பெண்மணி யாரிடம் கேட்டார், யாருக்குச் சொன்னார் என்று கேட்பார்க்குச் சொல்ல எவரும் எழுதிவைக்கவில்லை.

மூன்றாவது, அச்சு வந்தபின் எழுதிய பெண்மணிகள். ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) தொடக்கத்தில் எழுத்துப் பழக்கம் போதாதவர். தம் மனத்தில் உருவான நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் அதை எழுதித் தந்தார். அவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ 1924-இல் அச்சேறியது. மறு ஆண்டிலேயே அவர் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்றார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய ஒருவரின் முதல் நூல் தோழி ஒருத்தியின் கையால் எழுதப்பட்டது. தோழமை எழுத்துக்குச் செய்யும் உதவி எத்தகையது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயினும் இதழில் எழுதியவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. சுவடி செல்லரித்தால் வருந்துவோர் உண்டு. பழைய இதழ் எடைக்குப் போனால் வருந்துவோர் இல்லை. கோயில் மலர்களிலும் உத்ஸவ மலர்களிலும் சிற்றிதழ்களிலும் பெண்மணிகள் எழுதிய கட்டுரைகள் பலவும் அவ்வாறே மறைந்தன. பெயர், வாக்கு, காலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே காக்கும் வாய்ப்பு இன்று நமக்கு இருக்கிறது. முன்னோர்க்கு இல்லாத வாய்ப்பு என்பதால் பொறுப்பும் நமக்கே மிகுதி.

3. ஊரின் நினைவு எழுத்தில் நிற்பது

நாமக்கல்லைப் பொறுத்தவரை இப்பொறுப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒற்றைப் பாறையாக நிற்கும் நாமகிரியைக் குடைந்த குகையில் நரஸிம்ஹரும், மலையின் மறுபுறத்துக் குகையில் பள்ளிகொண்ட பெருமானும், தனி ஸந்நிதியில் நாமகிரித் தாயாரும், எதிரே விமானமின்றித் திறந்த வெளியில் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரும் எழுந்தருளியிருக்கும் ஊர் இது. குகைகள் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி அதியர் குலத்தவரால் அமைக்கப்பட்டவை என்பது அறிஞர் கொள்கை. எனினும் இத்தலம் மங்களாசாஸனம் பெற்ற 108 திவ்யதேசங்களுள் ஒன்றன்று. பாசுரம் இல்லாததால் வ்யாக்யானமும் இல்லை. வ்யாக்யானம் இல்லாததால், பூர்வர்கள் ஈட்டிலும் பிறவற்றிலும் போகிறபோக்கில் திவ்யதேசங்களைப் பற்றிக் காத்துத் தரும் ஐதிஹ்யங்களும் இத்தலத்துக்கு அமையவில்லை.

கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் கொண்டுவந்த ஸாளக்ராமம் மலையாக வளர்ந்தது என்பது முதலான தலவரலாறும், பள்ளிகொண்ட பெருமான் கார்க்கோடகன்மேல் சயனித்துள்ளார் என்ற தலவழக்கும், உத்ஸவ முறைகளும், தாயார் ஸந்நிதியில் பெண்மணிகள் கடைப்பிடிக்கும் நோன்புகளும் ஊராரின் நினைவில்தான் பெரிதும் நிற்கின்றன. இவற்றைக் கண்டும் கேட்டும் எழுதியவர்களின் கட்டுரைகளே இத்தலத்துக்கு வாய்த்த உரைபோன்றவை. அவற்றை இழந்தால் ஈடுசெய்யும் வேறு ஏடு இல்லை.

4. திருத்தலாமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். இதில் பூர்வர்களிடம் இரு வகை அநுஷ்டானம் காண்கிறோம்.

நஞ்சீயர் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியைச் செம்மையாகப் படியெடுக்கும்படி நம்பூர் வரதராஜரிடம் தந்தார். அவர் தம் ஊருக்குச் செல்லும் வழியில் காவிரி வெள்ளத்தில் நீந்தியபோது ஏடு நழுவிப் போயிற்று. அவர் ஆசார்யரிடம் கேட்ட பொருளை நினைவிலிருந்து முழுமையாக எழுதினார். சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சேர்த்தார். நஞ்சீயர் பார்த்தார், தம் கருத்தோடு ஒத்தும் மேலும் சிறந்தும் இருப்பதைக் கண்டு நடந்ததைக் கேட்டறிந்தார், உகந்து, ‘நம்பிள்ளை’ என்று அபிமானித்தார். இங்கே சேர்க்கை குற்றமாகவில்லை.

பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய வ்யாக்யானம் பிற்காலத்தில் பெரும்பகுதி சிதைந்துபோயிற்று. மணவாள மாமுனிகள் (1370–1443) அக்குறையை நிறைவுசெய்தார். எஞ்சிய பகுதி எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்வரையில் தாம் எழுதி நிறுத்தினார் என்பர் பெரியோர். கிடைத்த பகுதிக்கும் சேர்த்துத் தாமே புதிதாக ஒன்று எழுத அவருக்கு வல்லமை இல்லாமலில்லை. பழைய ஏடு ஒரு சொல்லேனும் எஞ்சியிருக்கும்வரை அச்சொல்லைத் தாண்டித் தாம் நுழைவதில்லை என்பது அவர் கொண்ட எல்லை.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னதில் மூலம் அருளியவர் எழுந்தருளியிருந்தார்; சேர்த்ததைத் தாமே பார்த்து இசைந்தார். பின்னதில் மூலம் அருளியவர் இல்லை. இசைவு பெறும் வழி இல்லை. ஆகவே வேறுபாட்டைத் தீர்மானிப்பது திருத்துகிறவரின் தகுதியன்று, எழுதியவரின் இசைவு. மறைந்த தோழியின் கட்டுரைகளைத் தொகுப்போர் எத்தனை கற்றவராயினும் அவர்களுக்கு உரிய நெறி மாமுனிகள் காட்டியதே.

இந்நெறியை நடைமுறையில் மூன்றாகப் பகுக்கலாம். அச்சுப்பிழையும் கைப்பிழையும் திருத்தத்தக்கவை. எழுதியவர் இருந்திருந்தாலும் அவற்றைத் திருத்தியே இருப்பார். பாசுர எண், நூற்பெயர் போன்ற மேற்கோள் தவறுகளைத் திருத்தி, திருத்தினோம் என்பதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். கருத்து வேறுபாட்டில் கைவைக்கலாகாது. உதாரணமாக, ஒரு கட்டுரை கார்க்கோடக சயனத்தை மட்டுமே சொல்லி, சேஷசயனம் என்ற பொதுவழக்கோடு அது எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராயாமல் விட்டிருக்கலாம். தொகுப்பாளர் அக்கட்டுரைக்குள் ஒரு பத்தியை நுழைப்பது முறையன்று. கட்டுரையின் இறுதியில் ‘தொகுப்பாளர் குறிப்பு’ என்று பெயரிட்டுத் தனியே எழுதுவதே முறை. எது அவர் வாக்கு, எது நம் வாக்கு என்ற எல்லைக்கோடு எந்தப் பக்கத்திலும் மறையக்கூடாது.

நீக்குவது பற்றியும் இதே விடை. வ்யாக்யானங்களில் காணாத ஒரு ரஸோக்தியை அவர் எழுதியிருந்தால், அது ஸித்தாந்த விரோதமாகாத வரையில் நிற்கட்டும். நம் வ்யாக்யாதாக்களே ஒரே பாசுரத்துக்கு இருவேறு நிர்வாஹங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்து, சொன்னவர் பெயரையும் காட்டியிருக்கிறார்கள். ஸித்தாந்தத்தோடு பொருந்தாதது என்று தோன்றும் இடம் வந்தால், கற்றறிந்த பெரியோரிடம் காட்டி, அவர் கருத்தைக் குறிப்பாகச் சேர்க்கலாம்.

5. எதை வெளியிடுவது?

நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் (1887–1920) விஷயத்தில் நடந்தது இங்கு நினைக்கத்தக்கது. அவர் மறைந்து ஏழாண்டுகளில், 1927-இல், அவருடைய கட்டுரைகளைக் கேம்பிரிட்ஜில் ஒரே நூலாக வெளியிட்டவர்கள் ஹார்டி, பி. வி. சேஷு ஐயர், பி. எம். வில்ஸன் ஆகியோர். ஹார்டி அவருடைய நண்பர். சேஷு ஐயர் அவரைக் கும்பகோணத்திலிருந்தே அறிந்தவர். அந்நூலில் அச்சில் வந்த 37 கட்டுரைகளோடு, கடிதப் பகுதிகளும் வாழ்க்கைக் குறிப்புகளும் இடம்பெற்றன. குறிப்பேடுகள் இடம்பெறவில்லை.

அக்குறிப்பேடுகளை 1957-இல் பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது உள்ளபடி நிழற்படமாக வெளியிட்டது. அவர் இறுதி ஆண்டில் எழுதிய தாள்களை 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். அவற்றை விளக்கும் பணி இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1927-ஆம் ஆண்டுத் தொகுப்பு முழுமையானதன்று. ஆயினும் அது வெளிவந்ததால்தான் அவர் பெயரும் பணியும் ஒரே இடத்தில் உலகுக்குக் கிடைத்தன. வெளியிடாத தாள்களை யாரும் எறிந்துவிடாததால்தான் பின்வந்தோர் எஞ்சியதைச் செய்ய முடிந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இரண்டு. முழுமையை எதிர்பார்த்து முதல் தொகுப்பைத் தள்ளிப்போடலாகாது. அவரை அறிந்தவர்கள் இருக்கும்போதே அது வெளிவர வேண்டும். அதே வேளையில், தொகுப்பில் சேராத எந்தத் தாளையும் அழிக்கலாகாது. குறிப்பேடுகளையும் கையெழுத்துப் படிகளையும் படமெடுத்து, மூலத்தைப் பாதுகாப்பான ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். சென்னையில் 1994-இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை பழைய தமிழ் இதழ்களையும் தாள்களையும் காப்பதையே பணியாகக் கொண்டவை.

அச்சுக்குத் தராத குறிப்புகளின் விஷயத்தில் ஈட்டின் வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியதைக் கண்ட நம்பிள்ளை அதன் அழகில் உகந்தார். ஆனால் நம் அநுமதியின்றி எழுதலாமோ என்றும் கேட்டார். பட்டோலையைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் அது ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் தரப்பட்டு, அவர் வழியில் கைமாறி, திருவாய்மொழிப் பிள்ளையை அடைந்து, அவரிடமிருந்து மாமுனிகளுக்குக் கிடைத்தது. மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஈட்டைக் காலக்ஷேபம் சாதித்தார். வெளியிடுவதற்கும் ஓர் அநுமதியும் ஒரு காலமும் உண்டு என்பது இதன் கருத்து.

ஆகவே அம்மையார் தம் பெயரில் அச்சுக்குத் தந்தவை நூலின் முதற்பகுதியாகட்டும். அச்சுக்கென்று எழுதி முடித்து வைத்திருந்தவை இரண்டாம் பகுதியாகட்டும். தமக்கென்று மட்டும் எழுதிய குறிப்புகளையும், துயர்ப்பட்ட தோழியர்க்கு எழுதிய கடிதங்களையும் குடும்பத்தாரும் கடிதம் பெற்றவரும் இசைந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். சட்டமும் இதற்கு இணங்கவே உள்ளது. நம் நாட்டில் எழுதியவர் மறைந்த மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை அவருடைய வாரிசுகளுக்கு உரியது. எனவே எழுத்துவழி இசைவைப் பெற்ற பின்னரே அச்சகத்துக்குச் செல்ல வேண்டும்.

6. வரிசையும் முகவுரையும்

கட்டுரைகளைப் பொருள்வாரியாக அமைப்பதா, காலவாரியாக அமைப்பதா என்ற கேள்வியும் உண்டு. திருமந்திரம், த்வயம், சரமச்லோகம் என்ற ரஹஸ்யத்ரய வரிசையில் அமைத்தால் கற்பவர்க்கு எளிது. ஆனால் காலவரிசையில் அமைத்தால், ஒருவர் தலயாத்திரை எழுதத் தொடங்கி, மெல்ல ரஹஸ்யார்த்தங்களில் இறங்கிய வழி புலப்படும். இரண்டையும் பெற வழியுண்டு. நூலைக் காலவரிசையில் அமைத்து, இறுதியில் பொருளடைவு ஒன்று சேர்த்தால் போதும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அது வெளிவந்த இதழ், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

முகவுரை எழுதுவோர் ஒன்றைக் கருத வேண்டும். ஆசார்யர்களின் க்ரந்தங்களுக்குத் தனியனும் வாழித்திருநாமமும் உண்டு. தோழியிடம் கொண்ட அன்பினால் அந்த மரியாதையை அவருக்கு ஏற்றிச் சொல்வது அவரே விரும்பாதது. அவர் எங்கு பிறந்தார், யாரிடம் காலக்ஷேபம் கேட்டார், எப்போது எழுதத் தொடங்கினார், எதைப் படித்தார், யாருக்காக எழுதினார் என்பவற்றை உள்ளபடி நான்கைந்து பக்கங்களில் சொன்னால் போதும். திருக்கோனேரி தாஸ்யையைப் பற்றி நமக்குக் கிட்டாமற்போனவை இவையே. புகழ்ச்சி இரண்டு தலைமுறையில் பொருளற்றுப்போகும். தகவல் அதற்குப் பின்னும் பயன்படும்.

நூல் அச்சானபின் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் முதலியவற்றுக்குப் படிகள் அனுப்ப வேண்டும். இதைச் சடங்காகக் கருதிச் சிறு வெளியீட்டாளர் பலர் விட்டுவிடுகின்றனர். அங்கே சேர்ந்த படி, நம் வீட்டு அலமாரிகள் கலைந்தபின்னும் நிற்கும்.

நிகமனம்

இதுவரை சொன்னவற்றைச் சுருக்குவோம். மறைந்தவர் வாக்கை ஏடுபடுத்துதல் பாகவத கைங்கர்யம். அதில் வாக்கு, பெயர், காலம் ஆகிய மூன்றும் காக்கப்பட வேண்டும். எழுதியவரின் இசைவு கிட்டாத நிலையில் சேர்க்கையும் நீக்கமும் கூடா. விளக்கம் தேவையானால் தனிக்குறிப்பாக நிற்கட்டும். வெளியிடத் தகாதவற்றையும் அழிக்கலாகாது.

தம் கட்டுரைகளை அம்மையார் அறிஞர் அவைக்கென எழுதவில்லை. வ்யாக்யானங்களின் மணிப்ரவாள நடையைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்த தம் ஊர்ப் பெண்மணிகள் அவற்றை ஒருநாள் திறந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆதலால் இந்நூல் குறைந்த விலையில், பெரிய எழுத்தில், கோஷ்டியில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கத்தக்க அளவில் அமைவது அவசியம். அவருடைய கட்டுரைகள் வெளிவந்த பழைய இதழ்களோ மலர்களோ நாமக்கல், சேலம் பகுதி அன்பர்களின் இல்லங்களில் இருக்கக்கூடும். பழைய தாள்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தால், அப்பார்வையும் இக்கைங்கர்யத்தில் ஒரு பங்காகும்.